எண்ணெய்க்கு முன் எண்ணைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் இன்ஜின் ஆயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கக் கடைக்குப் போனால், நம் மதர்போர்டு டி.டி.ஆர். 4 ஏற்குமா, டி.டி.ஆர். 5 ஏற்குமா என்று பார்க்காமல் வாங்குவீர்களா? மாட்டீர்கள். விண்டோஸ் 11 போடுவதற்கு முன்னால், நம் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானதா என்று சோதித்துப் பார்த்தவர்கள்தான் நாம் எல்லோரும். அதே நாம், பைக்கை சர்வீசுக்கு விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது, "எந்த ஆயில் ஊற்றினீர்கள்? அதன் எண் என்ன?" என்று கேட்கிறோமா?

நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் நான் சாப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுக்க 'எந்த வெர்ஷன், எந்த வெர்ஷன்' என்று கேட்பதுதான் என் பிழைப்பு. நான் கேட்காமல் விட்டதற்கு என் அப்பா பணம் கட்டினார். அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வெயில் ஊரின் நம்பிக்கை

எங்கள் ஊர் திருத்தணி. முருகன் கோயிலுக்குப் பேர் போன ஊர். கோடை வந்துவிட்டால் இன்னொன்றுக்கும் பேர் போகும். ரேடியோவிலும் டிவியிலும் '100 டிகிரியைத் தாண்டிய ஊர்கள்' என்று படிக்கும் பட்டியலில் எங்கள் ஊர் பெயர் தவறாமல் வரும். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பைக் சீட்டில் கை வைத்தால் தோசைக்கல்தான்.

அப்பாவுக்குத் துணி வியாபாரம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறிக்காரர்களிடம் லுங்கி, துண்டு எடுத்து, பைக்கின் பின்னால் மூட்டையாகக் கட்டி, எல்லை தாண்டி நகரி, புத்தூர் வரை கடைகளுக்குப் போடுவார். 2014ல் வாங்கிய 100 சிசி பைக். பாரம் சுமக்கும் வண்டி. அது நின்றால் அன்றைய வியாபாரமும் நிற்கும்.

அந்த வண்டியின் கையேட்டில் 10டபிள்யூ-30 ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. இலவச சர்வீஸ் முடிந்த பிறகு அப்பா போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம். நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் அவரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. "நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்காதுண்ணே. கெட்டியா ஊத்தினாத்தான் இன்ஜின் நிக்கும்" என்பார். 20டபிள்யூ-50 ஆயில் ஒரு பெரிய கேனில் இருக்கும். எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அதே கேன்தான். ஏழெட்டு வருடம் அப்படியே ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக டக' என்று டேப்பட் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று அப்பா விட்டுவிட்டார்.

நான் செய்த 'அப்கிரேடு'

2024 ஜூனில் ஊருக்கு வந்திருந்தேன். கெட்டி ஆயில் தவறு என்று எங்கோ படித்திருந்தேன். உடனே ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைத்த, விலை கூடிய, முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஆயிலை ஆர்டர் செய்தேன். டின்னில் கார் படம் போட்டிருந்தது. காருக்கே நல்லது என்றால் பைக்குக்கு இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். பழைய ஆயிலை வடித்துவிட்டு நானே ஊற்றினேன். "வண்டி பஞ்சு மாதிரி போகுதுடா" என்று அப்பா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம், கூட்டம் சேருவதற்குள் சாமி பார்த்துவிடலாம் என்று அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மலைக்குக் கிளம்பினேன். படியேறினால் 365 படி. அம்மாவுக்கு முட்டிவலி. அதனால் வண்டிப் பாதையில் போனோம். பாதி மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. இரண்டாவது கியரைப் போட்டாலும் அதே கதை. பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அம்மா இறங்கி நடந்தார். நான் வண்டியைத் தள்ளினேன்.

அன்று மாலை மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு டின்னைக் கேட்டார். கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, இது கார் ஆயிலு. கிளட்ச் பிளேட்டு வழுக்குது" என்றார். கிளட்சை மாற்றும்போதே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஹெட்டையும் கழற்றிப் பார்த்தார். கேம் ஷாஃப்ட்டின் மூக்குப் பகுதியில் சின்னச் சின்னக் குழிகள். ராக்கரின் முகம் தேய்ந்து பள்ளமாக இருந்தது. மொத்தச் செலவு 7 ஆயிரத்துச் சொச்சம். வண்டி நான்கு நாள் நின்றது. அந்த நான்கு நாளும் அப்பா துணி மூட்டையோடு பஸ் ஏறினார்.

மெக்கானிக் ஊற்றியது அதிகக் கெட்டி. நான் ஊற்றியது வேறு இனம். இருவருமே கையேட்டைத் திறக்கவில்லை.

பாகு பதம்தான் விஷயம்

டின்னில் இருக்கும் எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு திரவம் எவ்வளவு எளிதாக ஓடும், எவ்வளவு தயங்கி ஓடும் என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் 'பாகுநிலை' என்று படித்திருப்போம். பொருத்தமான பெயர். அதிரசம் செய்யும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாகு இளகினால் மாவு சேராது. முறுகினால் அதிரசம் கல்லாகும். அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை உருண்டைக்கு ஒரு பதம். 'கெட்டியான பாகுதான் நல்ல பாகு' என்று எந்தப் பாட்டியும் சொல்ல மாட்டார். இன்ஜினும் அப்படித்தான்.

எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு 1911லேயே ஆயிலைப் பாகுநிலை வாரியாகப் பிரித்துவிட்டது. இன்று அந்தத் தரத்தின் பெயர் ஜே300. 10டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, இன்ஜின் சுழலுமா என்று சோதிக்கிறார்கள்.

இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு ஆயிலின் பதம். இதை 100 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். அலகு சென்டிஸ்டோக். அறை வெப்பத்தில் தண்ணீர் சுமார் 1 சென்டிஸ்டோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 என்ற ஆயில் 9.3 முதல் 12.5 வரை இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. ஆக, அப்பாவின் வண்டி 10 அல்லது 11 சென்டிஸ்டோக்கை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. அதற்கு 18 அளவில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"திருத்தணியில் ஏது மைனஸ் டிகிரி? முதல் எண் நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். பாதி சரி. ஆனால் 25 டிகிரி காலை நேரம் நமக்குக் குளிர் இல்லை என்றாலும் ஆயிலுக்குக் குளிர்தான். 100 டிகிரியில் ஓட வேண்டிய பொருளுக்கு 25 டிகிரி என்பது மார்கழி. 40 டிகிரியில் அளந்தாலே 20டபிள்யூ-50 ஆயில் பொதுவாக 10டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். விடியற்காலையில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

தேய்மானம் எங்கே நடக்கிறது?

மழையில் வேகமாகப் போனால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும். நமக்கு அது ஆபத்து. இன்ஜினுக்குள் அதே மிதப்புதான் பாதுகாப்பு. சுழலும் பாகம் ஆயிலை இழுத்துக்கொண்டு போய், மெல்லிய படலத்தின் மேல் தானே மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தொடாத வரை தேய்மானமும் கிடையாது.

இந்த மிதப்புக்கு மூன்று விஷயம் வேண்டும்: வேகம், பாரம், பாகுநிலை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் என்பவர் 1902ல் பேரிங்குகளை வைத்துச் சோதித்து இந்த உறவை ஒரு வளைகோடாகக் காட்டினார். இன்றும் இன்ஜினியர்கள் அந்த வளைகோட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆயில் அதிகம் இளகினால் படலம் கிழிந்து உலோகம் உரசும். அதிகம் கெட்டியானால் படலம் இருக்கும், ஆனால் ஆயிலுக்குள்ளேயே உராய்வு கூடும். சூடு கூடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. கம்பெனி போட்டிருக்கும் எண் அந்த நடு இடம்.

சரி, படலம் இருக்கும் என்றால் கெட்டி ஆயிலில் அப்பா வண்டியின் கேம் ஏன் தேய்ந்தது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இன்ஜினின் எல்லாப் பாகமும் மிதப்பதில்லை. கேமின் மூக்கு ராக்கரைத் தள்ளும் இடம், பிஸ்டன் ரிங் உச்சியில் நின்று திரும்பும் இடம் ஆகியவற்றில் எப்போதும் பாதி உரசல்தான். அங்கே காப்பது ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்பு ரசாயனம். அதுவும் ஆயில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் சின்ன பம்ப் அதை மெல்லிய துளைகள் வழியாக மேலே ஹெட்டுக்கு ஏற்ற வேண்டும். ஆயில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தாமதம். அந்தச் சில நொடிகள் கேம் அரைப்பட்டினியில் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆனவுடன் ஆக்சிலேட்டரை முறுக்கும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டர் உதாரணம் வேண்டுமா? பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் தடவுகிறோம். நிறையத் தடவினால் நிறையக் குளிரும் என்று அள்ளி அப்புகிறவர்கள் உண்டு. கனமாக அப்பிய பேஸ்டே சூட்டைத் தடுக்கும் சுவராகிவிடும். கெட்டி ஆயில் நம்பிக்கையும் அதே ரகம்தான்.

எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி

என் தவறுக்கு வருகிறேன். நான் ஊற்றிய ஆயிலின் சூடான பதம் 30. கையேட்டில் உள்ளதும் 30. அப்படியானால் ஏன் வழுக்கியது?

காரில் இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருக்கும். நம் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயிலில் பெட்ரோலை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான். உராய்வைக் குறைத்தால் பிளேட் பிடிக்குமா? மலைப்பாதையில், இருவர் பாரத்தில், பிடிக்கவில்லை.

இதற்காகவே ஜப்பானியர்கள் 'ஜாசோ' என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். டின்னில் 'எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ. 2' என்று இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கு ஏற்றது. 'எம்.பி.' என்றால் உராய்வு குறைவு. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் பலவற்றுக்கு எம்.பி. சொல்கிறார்கள். வீட்டில் ஒரு பைக்கும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தால், இரண்டுக்கும் 10டபிள்யூ-30 என்றே கையேட்டில் இருந்தாலும் ஒரே டின்னை வாங்கி இரண்டிலும் ஊற்றாதீர்கள். ராமின் கொள்ளளவு 8 ஜி.பி. என்று பொருந்தினால் மட்டும் போதுமா? ஸ்லாட்டும் பொருந்த வேண்டுமே!

மறுபக்கத்தையும் பார்ப்போம்

கெட்டி ஆயில்காரர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இருக்காது.

முதலாவது, காற்றால் குளிரும் பைக் இன்ஜினில் வெளி வெயில் ஏறினால் ஆயில் சூடும் ஏறத்தான் செய்யும். சில வண்டிகளின் கையேட்டில் ஊரின் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று எண்களை அட்டவணையாகவே கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நம் ஊருக்குப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த அட்டவணைக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனிகள் ஆயிலை மெலிதாக்கிக்கொண்டே போவதற்குப் பெட்ரோல் சிக்கனமும் ஒரு காரணம். இந்தியாவில் கார்களுக்கு எரிபொருள் சிக்கன விதிகள் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. மெலிந்த ஆயிலால் சில சதவீதம் கிடைத்தாலும் கம்பெனிக்கு லாபம். அதற்காக இன்ஜினைப் பலி கொடுக்கிறார்களோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு.

இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டது 2025 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், அமெரிக்காவில் 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில், 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் பெரிய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் ஆகியவற்றில் உற்பத்திக் குறைபாடு. இன்ஜின் பழுதாகி வண்டி ஓடும்போதே நின்றுவிடும் ஆபத்து. சோதனையில் தேறாத வண்டிகளுக்கு இன்ஜினைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். தேறிய வண்டிகளுக்கு? 0டபிள்யூ-20 ஆயிலை எடுத்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் மூடியையும் மாற்றி, கையேட்டிலும் திருத்தம் செய்து கொடுத்தார்கள். சாப்ட்வேர் மொழியில் சொன்னால், அது ஒரு 'பேட்ச்'.

"பார்த்தீர்களா, கெட்டிதான் நல்லது!" என்று குதிக்க வேண்டாம். குறை, ஆயிலில் தொடங்கவில்லை. பாகம் சரியில்லாதபோது படலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் கொடுத்திருக்கிறார்கள். அதையும் எண்ணைப் பார்த்து, எழுத்தில் மாற்றினார்கள். முதல் எண்ணான 0டபிள்யூ அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் சீக்கிரம் ஓடும் குணத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. திருவொற்றியூரில் புல்லட் செய்த ராயல் என்பீல்டு, தன் இன்றைய 350 சிசி வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 சொல்கிறது. 2018ல் வந்த 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு 10டபிள்யூ-50 சொல்கிறது. ஒரே கம்பெனி, ஒரே வெயில், இரண்டு எண்கள். 'மெலிந்த ஆயில்தான் நவீனம்' என்று யாராவது இவற்றில் 0டபிள்யூ-20 ஊற்றினால், சூட்டில் படலம் தாங்காது. ஆகவே கெட்டி நல்லதா, மெலிது நல்லதா என்ற பட்டிமன்றமே தவறு. 'எந்த இன்ஜினுக்கு?' என்பதுதான் கேள்வி.

யார் மீது பழி?

அப்பா வண்டியின் கேம் தேய்ந்ததற்குக் கெட்டி ஆயில் மட்டும்தான் காரணமா? இல்லை. ஹெட்டைக் கழற்றிய அன்று மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். நான் ஆயில் மாற்றுவதற்கு முன்பு பல முறை அவரிடம் வண்டி வந்தபோது அளவுக் குச்சியின் நுனி மட்டுமே நனைந்திருந்ததாம். கையேடு சொன்ன கிலோமீட்டரைத் தாண்டி வெகு தூரம் ஓட்டிய பிறகுதான் அப்பா ஆயில் மாற்றுவார். 100 சிசி வண்டி கொள்வதே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதில் 200 மில்லி குறைந்தால் பெரிய குறைவு. பழைய ஆயிலில் தேய்மானத் தடுப்பு ரசாயனமும் தீர்ந்துபோயிருக்கும். கியர் பற்கள் ஆயிலின் நீண்ட பாலிமர் இழைகளை அரைத்து நறுக்கிவிடுவதால், 50 என்று ஊற்றிய ஆயில் போகப் போக 50 ஆகவும் இருக்காது.

என் கணக்குப்படி குற்றப் பட்டியல் இது: முதலில் அளவு, அடுத்து காலம் தவறியது, மூன்றாவதுதான் எண். ஆனால் முதல் இரண்டும் அப்பாவின் கையில் இருந்தவை. அவர் சோம்பல் பட்டார், சரி. மூன்றாவதை அவருக்காக வேறொருவர் முடிவு செய்தார். முதலில் மெக்கானிக், பிறகு நான். அவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவர் கேட்டிருந்தாலும், எங்களிடம் இருந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தெலுங்கும் தமிழும் சரளமாகப் பேசி இரண்டு மாநிலத்தில் வியாபாரம் செய்யும் மனிதருக்குத் தன் வண்டியின் கையேட்டைப் படிக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, சர்வீஸ் பில்லில் 'ஆயில் - 1' என்று மட்டும் எழுதாமல், எஸ்.ஏ.இ. எண்ணையும் ஜாசோ தரத்தையும் எழுத வேண்டும். இரண்டு, ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணை அழியாதபடி பொறிக்க வேண்டும். சில வண்டிகளில் செய்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் வேண்டும். மூன்று, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் தமிழில் கையேடு வேண்டும். செல்போன் மெனுவைத் தமிழில் கொடுக்க முடிகிறது. ஐம்பது பக்கக் கையேட்டைக் கொடுக்க முடியாதா?

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே செய்யலாம்

கம்பெனிகள் செய்வதற்குள் நாம் செய்யக்கூடியவை இவை.

1. உங்கள் வண்டிக் கம்பெனியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய கையேட்டை பி.டி.எப். பைலாக டவுன்லோட் செய்யுங்கள். கண்ட்ரோல், எப் கீகளை அழுத்தி எஸ்.ஏ.இ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். ஆயில் பக்கம் வந்துவிடும்.

2. அந்த எண், ஜாசோ தரம், கொள்ளளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். மெக்கானிக் கண்ணில் படும்.

3. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் தொடங்குங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய பெட்ரோல் லிட்டர், சேர்த்த ஆயில் மில்லி என்று நான்கு பத்திகள் போதும். ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பி, இந்த முறை கிலோமீட்டரில் இருந்து போன முறை கிலோமீட்டரைக் கழித்து, லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஆயில் சேர்க்கும் அளவு மாதா மாதம் கூடினால், கசிவு இருக்கலாம். இல்லையென்றால் உள்ளே ஏதோ தேய்கிறது.

4. ஆயில் மாற்றும் தேதியை செல்போன் காலண்டரில் ரிமைண்டராகப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன முறைப்படி ஆயில் அளவைப் பாருங்கள்.

5. சீல் உடையாத டின்னை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி டின்னை நசுக்கிவிட்டு வாருங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அது போய்ச் சேராது.

6. தவறான ஆயிலை ஊற்றிவிட்டது தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒருமுறை ஊற்றியதால் இன்ஜின் வெடித்துவிடாது. சீக்கிரம் வடித்துவிட்டு, பில்டர் உள்ள வண்டியானால் அதையும் மாற்றி, சரியான ஆயிலை ஊற்றுங்கள். எங்கள் வண்டி போல ஏழெட்டு வருடம் காத்திருக்காதீர்கள்.

மெக்கானிக்கைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். எங்கள் மெக்கானிக்கிடம் பிரிண்ட் எடுத்த தாளைக் கொடுத்தபோது, "இத முன்னாடியே குடுத்திருந்தா நான் ஏன் தம்பி கேன்ல இருந்து ஊத்தப் போறேன்?" என்றார். இப்போது அவர் கடையில் அந்தப் பெரிய கேனுக்குப் பக்கத்தில் 10டபிள்யூ-30 டின்களும் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அதிலிருந்து ஊற்றுகிறார். கேட்காதவர்களுக்கு இன்னும் கேன்தான்.

அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த சர்வீசுக்குப் போகும்போது, "என்ன ஆயில் ஊத்துறீங்க?" என்ற அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதை நான் பத்து வருடம் கேட்கவில்லை. இப்போது அப்பாவே கேட்கிறார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டின்னைத் திருப்பி, முதலில் எண்ணையும் பிறகு அதற்குக் கீழே உள்ள வரியையும் படித்துவிட்டுத்தான் சீலை உடைக்க விடுகிறார்.